கொயினாவும் குளத்து ஒளியும்

வன்னிப் பெருநிலத்தைப் பற்றிப் பேசுவோர் இரண்டினைத் தவறாமற் குறிப்பிடுவர். ஒன்று குளம், மற்றையது காய்ச்சல். கனகராயன் ஆற்றை மறித்து நிற்கும் இரணைமடு, பாலியாற்றின் நீரைத் தேக்கும் வவுனிக்குளம், பேராற்றின் நீரை ஏற்கும் முத்தையன்கட்டு ஆகிய பெருங்குளங்களும், ஊர்தோறும் விளங்கும் சிறு குளங்களும் அந்நிலத்தின் உயிர்நிலைகள். அந்நிலத்தின் பெரும்பகுதியை நெடுங்காலம் காடாகவே இருக்கச் செய்தது மலேரியாக் காய்ச்சல். புகைப்படக் கமராவின் முகப்பில் மாட்டப்படும் சாம்பல் நிறக் கண்ணாடி ஒன்றின் வரலாறு இவ்விரண்டையும் தொட்டுச் செல்கின்றது என்றால், கேட்போர் வியப்படைதல் கூடும். எனினும் அஃது உண்மையே.

அக்கண்ணாடிக்கு முனைவாக்கி என்பது பெயர். அது செய்யும் பணியை அறிய, நண்பகல் வேளையில் ஒரு குளக்கட்டின் மீது நிற்பவனை எண்ணிப் பார்த்தல் போதும். அவன் முன்னே நீர் வெள்ளித் தகடுபோற் பளபளக்கும். நீரின் கீழே கிடக்கும் கல்லும், பாசியும், மீனும் அவன் கண்ணுக்குப் புலப்படா. தாமரையிலை தன் பசுமையை இழந்து வெண்மையாகத் தோன்றும். அக்காட்சியைப் படம் பிடிப்பின், படத்திலும் அவ்வெண்மையே எஞ்சும். முனைவாக்கியை ஊடாகப் பிடித்து மெல்லச் சுழற்றினால், ஒரு நிலையில் அப்பளபளப்பு அடங்கிவிடும். நீரின் அடித்தளம் தெரியும். இலை தன் நிறத்தைத் திரும்பப் பெறும்.

இதன் காரணம் ஒளியின் இயல்பில் உள்ளது. ஒளியலைகள் தாம் செல்லும் திசைக்குக் குறுக்காக அதிர்வன. ஞாயிற்றின் ஒளியில் அவ்வதிர்வுகள் எல்லாப் பக்கங்களிலும் நிகழும். ஆனால் அவ்வொளி நீர்ப்பரப்பிற் சரிவாகப் பட்டுத் தெறிக்கும்போது, கிடையாக அதிரும் கூறே மிகுதியாகத் திரும்பி வருகின்றது. கதியால்களை நெருக்கமாக நட்ட வேலி ஒன்றினை உவமையாகக் கொள்ளலாம். பலகை ஒன்றை நிமிர்த்திப் பிடித்தால் அவ்வேலியின் இடைவெளியூடாகச் செலுத்தலாம். கிடையாகப் பிடித்தால் அது தடைப்படும். முனைவாக்கி ஒளிக்கு அத்தகைய வேலியாக அமைகின்றது.

இவ்வுண்மை மனிதனுக்கு விளங்க ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. 1669ஆம் ஆண்டில், டென்மார்க்கு நாட்டு அறிஞரான எராஸ்மஸ் பார்த்தோலின், ஐஸ்லாந்திலிருந்து கொணரப்பட்ட தெளிந்த பளிங்குக் கல்லொன்று ஒரு பொருளை இரண்டாகக் காட்டுவதைக் கண்டு நூல் எழுதினார். 1808ஆம் ஆண்டில், பிரெஞ்சு நாட்டுப் பொறியியலாளரான எத்தியென் லூயி மாலுஸ் அத்தகைய பளிங்கு ஒன்றைக் கையிற் பிடித்து, பாரிஸ் நகரத்து லக்சம்பேர்க் மாளிகையின் யன்னற் கண்ணாடிகளில் மாலைஞாயிறு தெறிப்பதைப் பார்த்தார். பளிங்கைச் சுழற்றியபோது, தோன்றிய இரு பிம்பங்களும் மாறிமாறி மங்கின. தெறித்து வரும் ஒளி தனித்தன்மை வாய்ந்தது என்பது அன்று வெளிப்பட்டது. 1815ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தினரான டேவிட் புரூஸ்டர், ஒவ்வொரு பொருளிலும் ஒரு குறிப்பிட்ட கோணத்திலே தெறிக்கும் ஒளி முற்றாக முனைவாக்கம் அடைகின்றது என நிறுவினார். நீருக்கு அக்கோணம் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகை.

1828ஆம் ஆண்டில் எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் நிக்கல், ஐஸ்லாந்துப் பளிங்கை வெட்டிப் பிசினால் ஒட்டி ஓர் அரியம் செய்தார். நிக்கல் அரியம் என வழங்கும் அக்கருவி மிக நேர்த்தியானது. ஆயின் பழுதற்ற பளிங்கு அரிது. பெரிய பளிங்கு அதனினும் அரிது. ஆகவே முனைவாக்கி என்பது ஆய்வுகூடத்தின் செல்வமாகவே நூறாண்டு காலம் இருந்தது.

அவ்வரியத்தை நீர்ப்பரப்பின் மேல் திருப்பி உலகறியப் பயன்படுத்தியவர் ஒரு தமிழர். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு பிறந்த சந்திரசேகர வேங்கடராமன், 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று, ‘நார்க்குண்டா’ என்னும் கப்பலில் தாயகம் திரும்பினார். கடலின் நீலம் வானத்தின் நீலம் தெறிப்பதனால் உண்டாவதே என்பது றேலி பிரபுவின் கருத்து. இராமன் கையடக்கமான நிக்கல் அரியம் ஒன்றைத் தம்முடன் வைத்திருந்தார். புரூஸ்டர் கூறிய கோணத்தில் அதனூடாகக் கடலை நோக்கி, வானத்தின் தெறிப்பை அகற்றினார். வானத்தின் சாயல் மறைந்தபின்னும் கடல் நீலமாகவே இருந்தது. அன்றியும் அந்நீலம் முன்னினும் ஆழ்ந்து தோன்றியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்து நிறம் தருகின்றன என அவர் அறிவித்தார். அவ்வாராய்ச்சி வழியே 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் கிட்டியது. ஒளியை வடித்து நீரைப் பார்த்தல் எத்துணைப் பெரும் பயனைத் தரவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, அரிய பளிங்கிற்குப் பதிலாக மலிவான பொருள் வந்த கதை. அதன் தொடக்கம் ஒரு மருத்துவரின் அறையில் நிகழ்ந்தது. 1852ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவரான வில்லியம் பேர்ட் ஹெராபாத்தின் மாணவர் ஒருவர், கொயினா ஊட்டப்பட்ட நாயொன்றின் சிறுநீரில் அயடீனைச் சொட்டினார். பசுமையாக மினுங்கும் நுண்ணிய பளிங்குகள் அதிற் தோன்றின. ஹெராபாத் அவற்றை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கியபோது, இரு பளிங்குகள் ஒன்றன்மீதொன்று குறுக்காகக் கிடந்த இடம் கரிய நிறமாய் இருந்தது. ஒளியை முனைவாக்கும் பொருள் ஒன்று காய்ச்சல் மருந்திலிருந்து கிடைத்துவிட்டது. ஆயினும் அப்பளிங்குகள் மிகச் சிறியன, எளிதில் நொறுங்குவன. பெரிதாக வளர்க்க அவர் எடுத்த முயற்சி முழுப்பயன் தரவில்லை.

கொயினா என்பது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் மருந்து. அம்மரம் இலங்கைக்கும் புதியதன்று. 1861ஆம் ஆண்டில் ஹக்கலையில் தாவரத் தோட்டம் அமைக்கப்பட்டது சிங்கோனாவை வளர்ப்பதன் பொருட்டே. கோப்பிப் பயிரை இலைநோய் அழித்தபின், மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் அம்மரம் நடப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பிலே அத்தோட்டங்கள் வளர்ந்தன. 1880களில் இலங்கைப் பட்டை உலகச் சந்தையில் அளவின்றிக் குவிந்து, விலை வீழ்ந்தது. பின்னர் தேயிலை அவ்விடத்தைக் கைப்பற்றியது. கொயினா வாணிகத்தின் தலைமை ஜாவாத் தீவுக்குச் சென்றது.

மலைநாட்டில் விளைந்த மருந்தின் தேவையை நன்குணர்ந்த நிலங்களில் வன்னியும் ஒன்று. ஜே. பி. லூயிஸ் என்பார் 1895ஆம் ஆண்டில் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை வெளியிட்ட காலத்தில், அப்பெருநிலம் மக்கள் அருகிய நிலமாகவே இருந்தது. மழை ஓய்ந்தபின் ஆறுகளிலும் ஓடைகளிலும் தேங்கும் நீரில் நுளம்பு பெருகும், காய்ச்சல் பரவும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் மாண்டனர். அப்பேரழிவு தீவின் தென்மேற்குப் பகுதியிலேயே கடுமையாக இருந்தது; வன்னி போன்ற உலர்வலய நிலங்களிலோ காய்ச்சல் ஆண்டுதோறும் வரும் விருந்தாளி.

அதே காலத்தில், கடலுக்கு அப்பால், கொயினா மற்றொரு தொழிலிற் புகுந்தது. அமெரிக்காவில் எட்வின் லாண்ட் என்னும் இளைஞர் 1926ஆம் ஆண்டில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு வெளியேறி, நியூயோர்க் நகரில் தாமே ஆராய்ச்சி நடத்தினார். ஹெராபாத் ஒரு பெரும் பளிங்கை வளர்க்க முயன்றார். லாண்ட் அதற்கு மாறாக, எண்ணிறந்த நுண்பளிங்குகளைப் பிசின் போன்ற பொருளிற் கலந்து, அவை யாவும் ஒரே திசையில் நிற்குமாறு செய்து, மெல்லிய தகடாக்கினார். 1929ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரினார். 1930களின் நடுவில் கொடாக் நிறுவனம் அத்தகட்டைக் கமராவுக்குரிய ஒளிவடியாக விற்கத் தொடங்கியது. 1937ஆம் ஆண்டில் போலறொயிட் நிறுவனம் தோன்றியது. ஜெர்மனியில் சைஸ் நிறுவனமும் ஹெராபாத்தின் பளிங்கைப் பெரிதாக வளர்த்துத் தன் ஒளிவடிகளிற் பயன்படுத்தியது. வன்னியில் நோயாளியின் நாவிற் கசந்த மருந்தே, பிறநாட்டிற் படப்பிடிப்பாளரின் கண்ணாடியாயிற்று.

அடுத்த மாற்றமும் விரைவில் வந்தது. 1938ஆம் ஆண்டில் போலறொயிட் நிறுவனத்தார், இழுத்து நீட்டிய செயற்கைப் பிளாஸ்திக்குத் தாளில் அயடீனை ஏற்றி, கொயினா இல்லாமலே முனைவாக்கும் தகட்டைச் செய்தனர். 1942ஆம் ஆண்டில் யப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றியபோது உலகெங்கும் கொயினாவுக்குப் பஞ்சம் ஏற்பட்டது. 1944ஆம் ஆண்டில் வூட்வார்ட், டோரிங் என்னும் இரு வேதியியலாளர் கொயினாவைச் செயற்கையாகத் தொகுக்கும் வழியை அறிவித்தனர். அவ்வாராய்ச்சிக்குப் பொருள் உதவியது போலறொயிட் நிறுவனமே. எனினும் முனைவாக்கிக்கு இனிக் கொயினா வேண்டியதில்லை என்ற நிலை அதற்கு முன்பே உண்டாகியிருந்தது. பிளாஸ்திக்கும் அயடீனும் மலிவானவை. ஐஸ்லாந்துச் சுரங்கத்தின் அரிய பளிங்கு செய்த வேலையைச் சாதாரணத் தகடு செய்யலாயிற்று.

இனிக் கமராவுக்கு வருவோம். 1925ஆம் ஆண்டில் வெளிவந்த லைக்காவும், 1932ஆம் ஆண்டில் தூரமானி இணைக்கப்பட்டு வந்த லைக்கா, கொன்டாக்ஸ் என்னும் கமராக்களும் படக்கலையைக் கையடக்கமாக்கின. சோவியத் நாட்டின் பெட், சோர்க்கி என்பனவும், 1961ஆம் ஆண்டிலிருந்து யப்பானின் கனோனெட்டும், 1966ஆம் ஆண்டில் யாஷிக்கா எலெக்ட்ரோவும் அவ்வகையைக் குறைந்த விலையில் மக்களிடம் சேர்த்தன. தூரமானிக் கமராவில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதிற் பார்க்கும் துளை வேறு. படம் பிடிக்கும் வில்லை வேறு. வில்லையில் மாட்டிய முனைவாக்கி எந்நிலையில் நிற்கின்றது என்பது பார்ப்பவனுக்குத் தெரியாது. லைக்காவைச் செய்த லைட்ஸ் நிறுவனம் இதற்கு ஒரு கருவி அமைத்தது. அதில் முனைவாக்கி ஒரு கையில் பொருத்தப்பட்டிருக்கும். அதனைப் பார்வைத்துளையின் முன் சுழற்றி உயர்த்தி, விளைவைக் கண்டபின், மீண்டும் வில்லையின் முன் இறக்கலாம். அரைச்சுற்றுச் சுழன்றாலும் முனைவாக்கியின் அச்சு மாறுவதில்லை. ஆகவே கண்ட விளைவே படத்திலும் அமையும். கருவி நேர்த்தியானது, விலையும் அதற்கேற்ப உயர்ந்தது.

ஆனால் அவ்விலை கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கண்ணிருக்க, கருவி எதற்கு? எளிய முனைவாக்கி ஒன்றைக் கையிலெடுத்து, மெருகிட்ட சீமெந்துத் தரையின் மீது சரிவாக வீழும் யன்னல் வெளிச்சத்தை அதனூடாக நோக்குக. மெல்லச் சுழற்றி, பளபளப்பு மிகக் குறையும் நிலையில் நிறுத்துக. அந்நிலையில் வளையத்தின் உச்சியில் வெண்சாயத்தால் ஒரு புள்ளி இடுக. முனைவாக்கியின் அச்சு அதுவே. நீர் எங்கும் கிடைமட்டமாகவே நிற்பதால், குளத்தைப் படம் பிடிப்பவன் அப்புள்ளியை வானை நோக்கி நிறுத்தினாற் போதும். வேறெதுவும் பார்க்க வேண்டியதில்லை. கமராவை நெடுக்காகத் திருப்பிப் பிடித்தாலும் புள்ளி வானை நோக்கியே இருத்தல் வேண்டும். வானத்தின் நீலத்தை ஆழப்படுத்த விரும்பினால், புள்ளியை ஞாயிறு உள்ள திசைக்குத் திருப்புக. ஞாயிற்றுக்குச் செங்கோணமான வானப்பகுதியிலே இவ்விளைவு மிகும். சித்திரைப் புத்தாண்டை அண்டியும் ஆவணி மாதத்திலும் வன்னியில் நண்பகல் ஞாயிறு உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்பொழுது அடிவானம் முழுவதிலும் அவ்விளைவைக் காணலாம்.

குளத்தைப் பார்க்கும் கோணத்துக்கும் எளிய கணக்கு உண்டு. கண் நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரமோ, அதனுடன் அதில் மூன்றிலொரு பங்கைக் கூட்டிய தூரத்திலே தெறிப்பு முற்றாக அடங்கும். குளக்கட்டில் 12 அடி உயரத்தில் நிற்பவனுக்கு அவ்விடம் 16 அடி தூரத்தில் உள்ளது. அதற்கு அப்பால் செல்லச் செல்ல விளைவு குன்றும்.

மலிவுக்குரிய வேறு செய்திகளும் உண்டு. முனைவாக்கிகளுள் நேர்வகை என்றும் வட்டவகை என்றும் இரண்டு உள. வில்லையினூடாகவே ஒளியை அளக்கும் பிற்காலத்து ஆடிக் கமராக்களுக்காகவே வட்டவகை எழுந்தது. தூரமானிக் கமராவுக்கு விலை குறைந்த நேர்வகையே போதும். பெரிய வட்டமுள்ள ஒன்றை வாங்கி, இணைப்பு வளையங்களால் பல வில்லைகளுக்கும் பொருத்தலாம். பழுதான மின்னணுக் கணிப்பானின் எண்திரையிலும் முனைவாக்கும் தகடு உண்டு. அதனை மடிப்பும் கீறலும் இன்றி எடுத்து அட்டை வளையத்தில் இறுக்கினால், பழகுவதற்கு உதவும். முனைவாக்கும் குளிர்க்கண்ணாடியின் வளைந்த வில்லையைக் கமராவின் முன் வைத்தால் படம் மங்கும்; ஆனால் அதனை அணிந்து குளத்தைப் பார்ப்பவன் விளைவை முன்கூட்டியே அறிந்துகொள்வான்.

ஒளியின் இழப்பையும் கணக்கிற் கொள்ள வேண்டும். முனைவாக்கி ஒளியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கையே உள்ளே விடும். வில்லைத் துவாரம் 16 இல் எடுக்க வேண்டிய படத்துக்கு 8 வரை திறத்தல் தகும். ஒளிமானியின் கண் வில்லை வளையத்தினுள் இருக்கும் கமரா தானே திருத்திக்கொள்ளும். யாஷிக்கா எலெக்ட்ரோவிற் போல் அது கமராவின் முகப்பில் இருந்தால், 100 என்னும் படச்சுருள் வேகத்தை 25 எனக் குறித்து வைக்க வேண்டும்.

எவ்விடத்தும் இக்கண்ணாடி நன்மை பயக்கும் என எண்ணுதல் தவறு. உலோகத்தின் பளபளப்பை அது அடக்குவதில்லை. கரையோரப் பனையும் மருதும் நீரில் தலைகீழாக நிற்கும் அழகே காட்சியாயின், முனைவாக்கி அவ்வழகைத் துடைத்துவிடும். நீரின் மேற்பரப்பு ஒரு செய்தி கூறுகின்றது. அடித்தளம் மற்றொன்று கூறுகின்றது. எது வேண்டும் எனத் தெளிந்தபின்னரே புள்ளியைத் திருப்புதல் முறை.

அடித்தளத்தின் செய்தி வன்னிக்கு இன்றியமையாதது. இலங்கை நீர்ப்பாசனப் பகுதியிற் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பண்டைக் குளங்களின் கட்டுகளையும் துருசுகளையும் அளந்து ஆராய்ந்தார். நீர் வற்றும் காலத்தில் ஆழமற்ற நீரின்கீழ்க் கிடக்கும் கற்கட்டும், அலைகரையின் சரிவும், படிந்த வண்டலும், படர்ந்த களையும் படத்தில் தெளிவாகப் பதியுமாயின், ஊரார் தம் குளத்தின் நிலையை ஆண்டுதோறும் ஒப்புநோக்கி அறியலாம். பளபளப்பு மட்டும் பதிந்த படம் எந்த ஆண்டின் எந்தக் குளத்துக்கும் பொருந்தும். அஃது ஆவணம் ஆகாது.

ஆவணத்தின் அருமையை வன்னி மக்கள் அறிந்ததுபோல் அறிந்தார் சிலரே. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், முல்லைத்தீவில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் யுத்தம் முடிவுற்றது. அதற்கு முந்திய மாதங்களில் மக்கள் ஊர்விட்டு ஊர் மாறி, கையில் எடுத்தவற்றையும் வழியிலே விட்டுச் சென்றனர். காணி உறுதிகளோடு திருமணப் படங்களும், குழந்தைகளின் படங்களும், கோயில் திருவிழாப் படங்களும் அழிந்தன. உயிரிழந்தோரின் முகத்தைக் காட்ட ஒரு படமேனும் எஞ்சாத குடும்பங்கள் உள. ஒரு நிலத்தின் தோற்றத்தைத் தெளிவாகப் பதித்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிற் காத்துவைத்தல் பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடந்து கடமையாகிவிட்டது.

காய்ச்சலின் கதை நல்ல முடிவை எய்தியுள்ளது. 1940களின் பிற்பகுதியிலிருந்து நுளம்பொழிப்பு முயற்சிகள் நோயைக் குறைத்தன. அது மீண்டும் தலையெடுத்த காலங்களும் உண்டு. 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வன்னியிற் கொயினா இன்று முதியோர் நினைவிலே மட்டும் உள்ளது. குளங்களோ நிற்கின்றன. மாரியில் அவை வான்பாய்கின்றன; கோடையில் அடித்தளத்தைக் காட்டுகின்றன.

மாலுஸ் யன்னற் கண்ணாடியிலும், இராமன் கடலிலும் கண்டதைக் குளக்கட்டில் நிற்கும் எளிய மனிதனும் காணத்தக்க காலம் இது. அதற்கு வேண்டியது பழைய கமரா ஒன்று, மலிவான தகடு ஒன்று, அதன் விளிம்பில் ஒரு வெண்புள்ளி. அப்புள்ளியை எத்திசைக்குத் திருப்புவது என அறிந்தவன், தன் ஊர்க் குளத்தின் உண்மைத் தோற்றத்தை அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்ல வல்லவன்.